கள்ளி விதைக்குக் கதவு சாத்தியவர்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கெட்டுப்போய் அவரைக் கூப்பிட்டால், வந்தவுடன் ஃப்ரிட்ஜைப் பார்க்கமாட்டார். என்னைப் பார்ப்பார். ஸ்பேனர் பையைத் தரையில் வைப்பார். முக்காலியை இழுத்துப்போட்டு உட்காருவார். முழங்கால்களில் கையை ஊன்றிக்கொண்டு கேட்பார்:

"ஒரு நாளைக்கு எத்தன வாட்டி தொறப்பே தம்பி?"

நான் பத்து என்பேன். சமையலறையிலிருந்து என் மனைவியின் இருமல் கேட்கும். இருபது என்பேன். மறுபடியும் இருமல்.

உண்மையில் எனக்கே அந்தக் கணக்குத் தெரியாது. தேங்காய் விலை இறங்கினால் நான் ஃப்ரிட்ஜைத் திறப்பேன். போர்வெல் மோட்டார் புதிதாக ஒரு சத்தம் போட்டால் திறப்பேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை, வைத்த பிறகு ஒருமுறை. எதையும் எடுக்கமாட்டேன். நின்று பார்ப்பேன், அவ்வளவுதான். அரைமுறித் தேங்காயும் நேற்றைய குழம்பும் வைத்த இடத்திலேயே இருப்பது தெரிந்தால் நெஞ்சு கொஞ்சம் அடங்கும்.

"உள்ள என்ன, படமா ஓடுது?" என்பார் அவர். பிறகு எழுந்து, கதவு ரப்பரைத் துடைத்து, பின்பக்கத் தூசியைத் தட்டி, ஏதோ ஒன்றை முறுக்குவார். ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கிவிடும். வாசலில் செருப்புப் போடும்போது திரும்பிப் பார்க்காமலேயே சொல்வார்: "கதவச் சாத்தி வெய்யி. குளிரு போயிரும்."

எங்கள் ஊர் பெருமாட்டியில் எல்லோருக்கும் அவர் மெக்கானிக். எனக்கு அண்ணன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ரோட்டோரம் தகரக் கூரை போட்ட கடை, பின்னால் தென்னந்தோப்பு. அவர் இந்த ஊரை விட்டு மலைமேல் குடிபோய்ச் சில வருடங்கள் ஆகின்றன. பதறாதீர்கள், நன்றாகத்தான் இருக்கிறார். பதறுவது என் வேலை.

மனிதனின் பாதித் துன்பம் திறந்து பார்ப்பதால் வருகிறது என்பது அவருடைய கட்சி. சோடாக்கடைக்காரன் ஐஸ் பெட்டியை ஆளாளுக்குத் திறக்கிறார்கள் என்று புலம்பியபோது, சைக்கிள் டியூபை வெட்டிக் கதவைக் கட்டிவிட்டு வந்தார். வேண்டியவன் சிரமப்பட்டு அவிழ்த்துக்கொள்ளட்டும் என்றார். டீ குடிக்கும்போதுகூடக் கிளாஸின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொள்வார். கோயிலில் நடை சாத்திவிட்டார்கள் என்று யாராவது அலுத்துக்கொண்டால், சாமியே கெடாமல் இருப்பது நேரத்துக்குக் கதவு சாத்துவதால்தான் என்பார். அவர் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை குக்கரிலும் இதே கொள்கையைக் கடைப்பிடித்ததில், அவர் வீட்டு ஓட்டில் இன்றைக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது.

இந்தக் கொள்கைக்கு ஒரே ஒரு விலக்கு வைத்திருந்தார். செத்துப்போன ஃப்ரிட்ஜ். ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் பெட்டிகள் கடைக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். அவற்றின் கதவிடுக்கில் எல்லாம் ஒரு ஓட்டுத் துண்டைச் செருகி வைத்திருப்பார். கரண்ட் இல்லாத பெட்டியைச் சாத்தி வைத்தால் உள்ளே நாற்றம் பிடித்துவிடும், அதை மட்டும் திறந்து வைக்க வேண்டும் என்பார்.

அந்த வரிசையின் கோடியில் நாலைந்து பெட்டிகள் மட்டும் இறுக்கிச் சாத்தியிருக்கும். ஊர்க்காரர்கள் அவற்றைப் பிணப்பெட்டி என்று கேலி செய்வார்கள். உள்ளே பிணம் இல்லை, கள்ளி விதை. பூந்தொட்டியில் வைக்கிற, பந்து மாதிரி உருண்டையான, முள்ளுக்கு நடுவே வெட்கமில்லாமல் ரோஸ் நிறத்தில் பூக்கிற கள்ளி.

அது தொடங்கியதும் ஒரு ஃப்ரிட்ஜில்தான். யாரோ வீட்டு ஃப்ரிட்ஜின் தலைமேல் ஒரு கள்ளித்தொட்டி இருந்திருக்கிறது. அதன் பழம் உதிர்ந்து, விதை பின்பக்கம் விழுந்து, கம்ப்ரஸர் வெதுவெதுப்பில், ஒழுகிய தண்ணீர் ஈரத்தில், தூசிக்குள் முளைத்துக் கிடந்திருக்கிறது. தோட்டத்தில் அந்த வீட்டம்மா பத்துத் தடவை விதைத்தும் முளைக்காத விதை. அண்ணன் ரிப்பேரை விட்டுவிட்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாராம். அன்றிலிருந்து செத்த பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு. விதைத்த டப்பாக்களுக்குக் கண்ணாடி போன்ற மூடி. மூடிக்குள் வியர்த்து வழிகிற ஈரம். உள்ளே இருக்கிற சூட்டை வெளியில் காட்ட ஒயர் வைத்த சின்ன மீட்டர். அந்த மீட்டரை அவர் வாங்கியதே கதவைத் திறக்காமல் இருப்பதற்காக.

எவ்வளவு சூடு வேண்டும் என்று யார் கேட்டாலும் அவர் முகம் மாறிவிடும். மற்ற நேரத்தில் கஞ்சத்தனமாகப் பேசுகிறவர், இதற்கு மட்டும் வாரி இறைப்பார்.

"இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவுல ஓடோணும் தம்பி. பகல்ல முப்பத ஒட்டி, ராத்திரி இருபத ஒட்டி. எந்நேரமும் ஒரே சூட்டுல வெச்சீன்னா அதுக்குச் சந்தேகம் வந்துரும், வெளிய ஒலகம்னு ஒண்ணு இருக்குதா இல்லையான்னு. முப்பத்தஞ்சு தாண்டுச்சு, முழிக்கப் போனதுகூடத் திரும்பிப் படுத்துக்கும். பதினஞ்சுக்குக் கீழ போச்சு, போர்வைய இழுத்துப் போத்திக்கும். செத்துப்போச்சுன்னு நெனச்சுக் கொட்டீராத. அது சாகல. ரோசத்துல கெடக்குது."

எங்கள் ஊரில் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. மாசியிலேயே மண்டை பிளக்கும். வெயில் காலத்தில் அவர் பல்பை அணைத்துவிட்டு, உறைந்த தண்ணீர் பாட்டிலை உள்ளே வைப்பார். அதையும் விடிகாலையில், ஒரு கதவுத் திறப்பில், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

எனக்கும் ஒருமுறை ஒரு டப்பா கொடுத்தார். பிரியாணி பார்சல் டப்பா, அதில் மணலும் மண்ணும், மேலே கடுகைவிடச் சின்ன விதைகள். நான் அதை என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். காலையில் திறந்து பார்த்தேன். காபிக்குப் பிறகு பார்த்தேன். சூடு அதிகமோ என்று கட்டிலடியில் வைத்தேன், குறைவோ என்று மாடியில் வைத்தேன், இரண்டும் இல்லாமல் மடியில் வைத்துக்கொண்டும் உட்கார்ந்தேன். கடைசியில் டப்பா முழுக்க வெள்ளைப் பஞ்சாகப் பூசணம் படர்ந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். அவர் திட்டவில்லை. டப்பாவை மூடினார். "இதுக்குள்ள விதையவிட உன்ற மூச்சுத்தான் அதிகமா இருக்குது" என்றார்.

அவருக்கு ஒரே மகள். அண்ணி இறந்துபோன பிறகு அவரே வளர்த்தார். கடைக்குப் பின்னால் அந்தப் பெட்டிகளுக்கு நடுவே வளர்ந்த பெண். மீட்டரைப் படித்துப் படித்துத்தான் எண்களே கற்றுக்கொண்டாள். பக்கத்துச் சித்தூரில் படிக்கும்போது வட்டவடைக்காரன் ஒருவனைப் பிடித்துப்போய், இவரிடம் கேட்காமலேயே முடிவு செய்து, மலைமேல் கல்யாணமும் செய்துகொண்டாள். பையன் நல்லவன். பூண்டும் கேரட்டும் போடுகிற குடும்பம், மூணாறுக்கு ஜீப் ஓட்டுகிறான். அண்ணன் அவனைக் குறை சொல்லவில்லை. அவளையும் சொல்லவில்லை. எதையுமே சொல்லவில்லை. இரண்டு வருடம் அந்த வீட்டில் அவள் பெயர் எழவில்லை.

நான் ஒருதடவை மெல்ல அவள் பேச்சை எடுத்தேன். நட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "சாத்துன கதவு சாத்துனதாவே இருக்கட்டும் தம்பி. உள்ள இருக்கறது கெடாது."

கரண்ட் இல்லாத பெட்டி நாறுமே அண்ணா என்ற பதில் எனக்கு உடனே வந்தது என்று சொல்ல ஆசைதான். வீட்டுக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றபோதுதான் வந்தது. சோப்போடு ஓடிப்போய்ச் சொல்லவா முடியும்?

இரண்டாவது வருட மாசியில்தான் தெரியாத நம்பர் ஒன்று அழைத்தது. வழக்கம்போல ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு எடுத்தேன்.

"சித்தப்பா, நாந்தானுங்க" என்றாள் அவள்.

நல்லாயிருக்கிறாளா, ஏதாவது ஆபத்தா, ஆஸ்பத்திரியா என்று நான் ஒரே மூச்சில் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள். ஒன்றுமில்லையாம். சுற்றுலா வருகிறவர்களுக்கு வீட்டில் இரண்டு அறை வாடகைக்கு விட்டிருக்கிறார்களாம். ஜன்னலில் வைக்கக் கள்ளி போட்டாளாம். மூன்று முறை போட்டும் முளைக்கவில்லையாம். ராத்திரிக் குளிர் தாங்காமல் டப்பாவைக் கம்பளிக்குள் வைத்துக் கட்டிப்பிடித்துப் படுத்தும் பார்த்தாளாம்.

"அப்பா இந்த மாதிரிக் குளுருக்கு என்ன பண்ணுவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க சித்தப்பா. நான் கேட்டேன்னு சொல்லீராதீங்க."

முளைக்காத விதைக்காக ஒரு பெண்ணின் குரல் அப்படி இடறாது. அது எனக்குக்கூடப் புரிந்தது. ஆனால் ரகசியத்தை என்னிடம் கொடுப்பது என்பது தண்ணீரைச் சல்லடையில் கொடுப்பது. மறுநாள் கடைக்குப் போனேன். வெளியே தார் உருகுகிற வெயில். சட்டை முதுகில் ஒட்டியிருக்கிறது. நான் மிகவும் இயல்பாக, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏனுங்ணா, ரொம்பக் குளுரற ஊரா இருந்தா இந்த விதைக்கு என்ன பண்றதுங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் நெற்றியிலிருந்து வழிந்த வியர்வையைப் பார்த்தார்.

"உனக்கு எங்க குளுருது?"

"பொதுவாக் கேட்டேனுங்க."

"பொதுவா, எத்தன டிகிரிக்குப் போகுதாமா ராத்திரியில?"

பத்துக்குக் கீழே போகிறதாம் என்று வாய் தவறிச் சொன்னேன். அவர் கைக்குக் கிடைத்த துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். எழுந்து பின்பக்கம் போனார். செத்த பெட்டிகளில் இருப்பதிலேயே சின்னதாக, ஒற்றைக் கதவாக இருந்த ஒன்றிலிருந்து ஓட்டுத் துண்டை உருவும் சத்தம் கேட்டது.

அதன்பிறகு அவர் அந்தப் பெட்டியோடு பட்ட பாட்டை வீட்டிலிருந்தே என்னால் கேட்க முடிந்தது. தட்டல், ராவல், பாட்டு. ஆமாம், பாட்டும்தான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு பெட்டி மலைக்குப் போக வேண்டும், உன் பிக்கப் வண்டி வேண்டும் என்றார். வெறும் பெட்டியாக எடுத்துப்போவானேன் என்று ஒரு டப்பா விதைத்தும் வைத்திருப்பதாகச் சொன்னார். கிளம்புகிற நாளை இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினார். வயர் சரியில்லை என்றார், நாள் சரியில்லை என்றார். கடைசியில் ஒரு விடிகாலையில் பெட்டியை வண்டியில் ஏற்றி, கதவைச் சுற்றி டேப் ஒட்டி, கயிறு கட்டித் தயாராக நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவரிடம் வெள்ளைச் சட்டை இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

வழியில் விதைக்குச் சூடு வேண்டும் அல்லவா? வண்டி பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துப் பெட்டிக்குள் ஒரு ஹெட்லைட் பல்பைப் போட்டிருந்தார். மீட்டரை என் கண்ணுக்கு நேரே, கண்ணாடிப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். "ரோட்டப் பாத்து ஓட்டு, மீட்டர நான் பாத்துக்கறேன்" என்றார். நான் ரோட்டைத் தவிர மற்றதை எல்லாம் பார்த்தேன். பொள்ளாச்சியில் இருபத்தெட்டு. உடுமலையில் இருபத்தொன்பது. மறையூர் ஏறும்போது இருபத்தாறு. மூணாறு தாண்டியதும் இருபத்துநாலு. ஒவ்வொரு எண் இறங்கும்போதும் என் கால் பிரேக்குக்குப் போனது. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தால் ஆறுதலாக இருக்கும், ஆனால் ஃப்ரிட்ஜ் பின்னால் கயிறு கட்டி நிற்கிறது.

வட்டவடைக்கு முன்னால் சோலைக்காட்டுச் செக்போஸ்ட். பனி தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது. தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்ட வனக்காவலர் ஒருவர் கையைக் காட்டினார். வண்டியைச் சுற்றி வந்தார். டேப் சுற்றிய பெட்டி. அதற்குள் போகிற ஒயர். டிரைவர் முகத்துக்கு நேரே எண் காட்டும் மீட்டர். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்போதே காட்டுக்குள் ஓடியிருப்பேன்.

அவர் கேட்டது, எந்த வழியாக வருகிறீர்கள் என்று மட்டும்தான்.

"மறையூர் வழியா சார். சந்தனக்கட்டை எதுவும் இல்லீங்க சார்" என்றேன் நான்.

சந்தனத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மறையூர் சந்தனக்காட்டைத் தாண்டி, மூடிய பெட்டியோடு வருகிற ஒருவன் தானாகச் சொல்லக்கூடாத ஒரே வாக்கியம் அது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். காவலர் பெட்டியைத் தட்டி, மலையாளத்தில் "துறக்கு" என்றார்.

"தொறக்க முடியாதுங்க" என்றார் அண்ணன். "சூடு போயிரும்."

ஃப்ரிட்ஜுக்குள் என்ன சூடு என்று காவலர் கேட்டார். நியாயமான கேள்விதான். அண்ணன் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். பேட்டரி, பல்பு, விதை, இருபது, முப்பது என்று நான் குறுக்கே விளக்க விளக்க, காவலர் முகத்தில் சந்தேகம் சந்தன வாசனை மாதிரி கூடிக்கொண்டே வந்தது. வண்டியை ஓரங்கட்டச் சொன்னார், மேலிடத்துக்கு போன் போட வேண்டும் என்றார். இப்படியே திருப்பி அனுப்பினால் அண்ணன் இன்னொரு தடவை வெள்ளைச் சட்டை போடமாட்டார் என்று எனக்குத் தெரியும். பதற்றத்தில் என் வாயிலிருந்து, குளியலறையில் வந்த பதில் இப்போது தானாக விழுந்தது:

"அண்ணா, கரண்ட் இல்லாத பெட்டியத் தொறந்து வெக்கோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"இதுல கரண்ட் இருக்குதல்லோ" என்றார் அவர். ஆனால் கை கயிற்றுக்குப் போய்விட்டது. மெதுவாக அவிழ்த்தார். டேப்பைக் கிழித்தார்.

கதவு திறந்தது. உள்ளேயிருந்து மஞ்சள் வெளிச்சம் பனியில் விழுந்தது. நடுத்தட்டில் விதை டப்பா. அதைச் சுற்றி, மேலே, கீழே, கதவின் முட்டைக் குழிகளில்கூட, வேறு சாமான்கள். காவலர் ஒவ்வொன்றாக எடுத்தார். முறுக்கு டின். எள்ளுருண்டை. செக்கு எண்ணெய் பாட்டில். ஊறுகாய் ஜாடி. நாட்டுச் சர்க்கரைப் பொட்டலம். அண்ணியின் பழைய சேலையில் தைத்த ஒரு மெத்தை விரிப்பு, நாலாக மடித்தது. முறுக்குச் சுடுகிற வாசனை ஒருநாள்கூட அவர் வீட்டிலிருந்து எனக்கு வந்ததில்லை. எப்போது சுட்டார், யாரிடம் கேட்டுச் சுட்டார், தெரியவில்லை.

"இதொக்கெ யாருக்கு?" என்றார் காவலர்.

மீட்டரில் இருபத்தொன்று, இருபது. அண்ணன் ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒளிந்துகொள்ள ஒரு கதவும் இல்லை.

"என்ற புள்ளைக்குங்க" என்றார். "மேல கட்டிக் குடுத்திருக்கேன்."

கட்டிக் கொடுக்கவில்லை, அவளாகக் கட்டிக்கொண்டாள். அதைத் திருத்துகிற அளவுக்கு நான் கெட்டவனில்லை. காவலர் சாமான்களைத் திரும்ப அடுக்கினார், விதை டப்பாவை ஒருமுறை தூக்கி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார், பக்குவமாக வைத்தார். கதவைத் தானே சாத்தி, உள்ளங்கையால் அழுத்தி, "சூடு போகண்டா, வேகம் போ" என்றார்.

காவலர் டப்பாவைத் தூக்கியபோது நானும் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். மூடிக்குள் வியர்வைத் துளிகளுக்குக் கீழே, மண்ணின் மேல், பச்சைப் புள்ளிகள். குண்டூசித் தலை அளவுக்கு, பத்துப் பதினைந்து இருக்கும். முளைத்துவிட்டிருந்தன.

வட்டவடையில் அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஸ்வெட்டரும் தலையில் கட்டிய துண்டுமாக மலைக்காரியாகவே ஆகிவிட்டிருந்தாள். யார் சொன்னது என்று அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பூண்டுத் தோட்டத்தின் அழகை ரசித்துக்கொண்டிருந்தேன். ஓடிவந்து கட்டிக்கொள்வாள், அழுவாள், நானும் கொஞ்சம் அழலாம் என்று கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தேன். அவர் இறங்கி, வேட்டியைச் சரிசெய்து, இரண்டு வருடத்துக்குப் பிறகு மகளிடம் முதல் வார்த்தை கேட்டார்:

"ப்ளக் பாயிண்ட் எங்க இருக்குது?"

"உள்ள, வடக்குச் செவுத்துலீங்கப்பா" என்றாள் அவள்.

மாப்பிள்ளையும் நானும் தூக்கினோம். அவர் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னார். சாமான்களை எடுத்துக் கட்டிலில் வைத்தார். அவள் அந்த விரிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டு, முகம் கழுவிய ஈரத்தோடு திரும்பி வந்தாள். டப்பாவை மட்டும் அவர் யாருக்கும் காட்டவில்லை. முதுகால் மறைத்துக்கொண்டு நடுத்தட்டில் வைத்தார். பல்பைப் போட்டார். மீட்டரை மாட்டினார். கதவைச் சாத்தி, டேப்பை எடுத்து, ஒருதரம் இல்லை, மூன்று தரம் சுற்றினார்.

"பகல்ல முப்பதத் தாண்ட வேண்டாம். ராத்திரி இருபதுக்குக் கீழ போக வேண்டாம். மீட்டர மட்டும் பாரு. கதவ யாரும் தொறக்கப்படாது. நான் வந்துதான் தொறப்பேன்."

"மொளச்சிருச்சான்னு எப்பிடீங்கப்பா தெரியும்?"

"தெரியாது. அதுக்குத்தான் நான் வரோணும்."

"இன்னும் மொளைக்கலீங்களா?"

"இன்னும் எங்க" என்றார் அவர்.

என் வாய் திறந்தது. உண்மையாகவே திறந்தது. பச்சை என்ற சொல்லின் முதல் எழுத்து நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அவருடைய கால் என் கால்மேல் ஏறி நின்றது. செருப்பில்லாத கால்தான், ஆனால் கனமான ஆள். அவள் என்னைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், டேப் சுற்றிய கதவைப் பார்த்தாள். மீட்டர் படித்து வளர்ந்த பெண். "அப்ப வெரசலா வந்து பாருங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். செக்போஸ்ட்டில் காவலர் கையைத் தூக்கிச் சிரித்தார். மூணாறு தாண்டும் வரைக்கும் எப்படித்தான் பொறுத்தேனோ.

"அண்ணா, பச்சையாத் தெரிஞ்சுதுங்களே."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்ணா. நல்லாத் தெரிஞ்சுது."

அவர் வெறும் மீட்டர் கொக்கியைப் பார்த்துக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டையின் மேல்பட்டனைக் கழற்றிவிட்டார்.

"வாயச் சாத்து தம்பி" என்றார். "சூடு போயிரும்."